அந்துப்பூச்சிப் படத்தில் எதைப் பார்ப்பது?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வாசல் விளக்கைச் சுற்றி அந்துப்பூச்சிகள் மொய்க்கும். விடிந்த பிறகும் நாலைந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைச் செல்போனில் படம் எடுத்து ‘இது என்ன பூச்சி?’ என்று கேட்பவர்கள் இப்போது நிறையப் பேர். வண்ணத்துப்பூச்சி என்றால் ஒரு கையேட்டைப் புரட்டி ஐந்து நிமிடத்தில் பெரும்பாலும் பெயர் சொல்லிவிடலாம். இந்தியாவில் அவை சுமார் 1,300 இனங்கள்தான். அந்துப்பூச்சிகளோ 10,000-க்கும் மேல். ஆனால் சிக்கல் எண்ணிக்கையோடு முடிந்துவிடவில்லை. பெயர் வைத்தவர்கள் பார்த்த பக்கம் ஒன்று, நம் கேமரா பார்க்கும் பக்கம் இன்னொன்று. இது புரிந்துவிட்டால் படத்தில் எதைத் தேடலாம், எதைத் தேடியும் பயனில்லை என்பது தானாகத் தெளிவாகும்.

தென்னிந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. ஜார்ஜ் ஹாம்ப்சன் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்தியவர். பிறகு லண்டன் திரும்பி பிரிட்டிஷ் மியூசியத்தில் அந்துப்பூச்சிகளை வகைப்படுத்தும் வேலையில் இறங்கினார். நீலகிரி மாவட்டத்து அந்துப்பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் 1891-இல் வந்தது. அப்புறம் 1892 முதல் 1896 வரை, பிரிட்டிஷ் இந்திய விலங்கினங்கள் வரிசையில் அந்துப்பூச்சிகளுக்கென்றே நான்கு தொகுதிகள். இன்றைக்கும் ஒரு தமிழ்நாட்டுப் பூச்சியின் பெயரைச் சரிபார்க்க வேண்டுமென்றால் எங்கோ ஒரு கட்டத்தில் இந்தத் தொகுதிகளைத் திறக்க வேண்டியிருக்கும்.

அவர் பார்த்தவை உயிரற்ற பூச்சிகள். நெஞ்சில் ஊசி குத்தி, பலகையில் இறக்கைகளை விரித்துக் காயவைத்தவை. முன்னிறக்கையின் கீழ்விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக வரும் வரை மேலே இழுத்து நிறுத்துவார்கள். அப்போதுதான் பின்னிறக்கை முழுதும் தெரியும். குடும்பத்தைப் பிரிக்க அவர் நம்பியது பெரும்பாலும் இறக்கை நரம்புகளின் அமைப்பை. எந்த நரம்பு எங்கே கிளைக்கிறது, எது எதோடு சேர்கிறது, பின்னங்காலில் எத்தனை முட்கள் என்றுதான் அந்த நூலின் பிரிப்பு வழிகள் போகும். உயிரோடு சுவரில் உட்கார்ந்திருக்கும் பூச்சியிடம் இதில் எதையும் பார்க்க முடியாது. நரம்புகள், இறக்கையை மூடியிருக்கும் பொடிபோன்ற செதில்களுக்கு அடியில் இருக்கும். பின்னிறக்கை முன்னிறக்கைக்கு அடியில் இருக்கும். கால்கள் உடலுக்கு அடியில் இருக்கும்.

ஆனால் மியூசியத்தின் சேகரிப்புப் பெட்டிகளில் இல்லாத சில விஷயங்கள் நம் படத்தில் இருக்கின்றன. பூச்சி எப்படி உட்கார்ந்திருந்தது, உணர்கொம்பை எங்கே வைத்திருந்தது, வயிற்றைத் தூக்கியிருந்ததா, எந்த இலையில் இருந்தது என்பதெல்லாம் ஊசியில் ஏறிய பூச்சியில் காணாமல் போய்விடும். நிறமும் அப்படித்தான். ஜியோமெட்ரிடே குடும்பத்தின் மரகதப் பச்சைப் பூச்சிகள் பலவும் சேகரிப்புப் பெட்டியில் வெளுத்து மஞ்சளாகிவிடும். படத்தில் அவை உயிர்ப் பச்சையில் இருக்கும். ஆகவே படத்தை வைத்துப் பெயர் தேடுவதை, பூச்சியைப் பிடித்துத் தேடுவதைவிடத் தாழ்ந்த ஒரு மாற்று என்று நான் நினைப்பதில்லை. அது தனியான ஒரு வழி. அதற்கென்று தனிப் பார்வை வேண்டும்.

முதலில் அது அந்துப்பூச்சிதானா என்ற கேள்வி. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்து உருண்டிருக்கும். அந்துப்பூச்சிக்கு நூலாகவோ இறகாகவோ இருக்கும். பகலில் பறந்தால் வண்ணத்துப்பூச்சி, பளிச்சென்ற நிறம் இருந்தால் வண்ணத்துப்பூச்சி என்பதெல்லாம் நம்ப முடியாத அடையாளங்கள். கறுப்பு இறக்கையில் கண்ணாடிச் சாளரங்களோடு குளவியைப் போல் தோற்றம் காட்டும் அமாட்டா வகைகள் பட்டப்பகலில் பூக்களில் திரிபவை. செஃபனோடெஸ் ஹைலாஸ் என்ற பூச்சியைத் தோட்டத்தில் பார்ப்பவர்கள் அதைத் தேன்சிட்டுக் குஞ்சு என்றோ பெரிய வண்டு என்றோதான் நினைக்கிறார்கள். கூட்டிலிருந்து வெளிவரும்போது அதன் இறக்கையில் செதில் உண்டு; முதல் முறை பறக்கும்போது அது உதிர்ந்து இறக்கை கண்ணாடியாகிவிடுகிறது. காபிக் குடும்பத்துச் செடிகளில் அதன் புழு வளரும்.

சரி, அந்துப்பூச்சி என்று தெரிந்துவிட்டது. இப்போது நிறத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். குடும்பத்தை ஊகிக்க இதைவிட நல்ல வழி படத்தில் கிடையாது. நீண்டு ஒடுங்கிய முன்னிறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்து, கூர்மையான தடித்த உடலோடு இருந்தால் ஸ்பிங்கிடே, அதாவது படம் எடுப்பவர்கள் ஹாக்மாத் என்று சொல்லும் கூட்டம். உடல் மெலிந்து, நான்கு இறக்கைகளையும் சுவரோடு சுவராகப் பரப்பி, முன்னிறக்கையில் ஓடும் கோடு அப்படியே பின்னிறக்கையிலும் தொடர்ந்தால் ஜியோமெட்ரிடே. அந்தத் தொடர்ச்சிதான் முக்கியம். இறக்கை நான்கும் சேர்ந்து ஒரே ஓவியமாகத் தெரிகிறதென்றால், அந்தப் பூச்சி நான்கையும் காட்டிக்கொண்டு உட்காரும் பழக்கம் உள்ளது என்று பொருள். முன்னிறக்கையில் மட்டும் மறைவு நிறமும் பின்னிறக்கையில் வெளிறிய அல்லது பளிச்சென்ற நிறமும் இருந்தால், அது பின்னிறக்கையை மூடிவைக்கும் கூட்டம்.

இறக்கைகளைக் கூரைச் சரிவாக உடல்மேல் மடித்து, தடித்த உடலோடு இருப்பவை நாக்டுயிடே குடும்பத்தில் அதிகம். நம் பயிர்ப் புழுக்களின் தாய் அந்துப்பூச்சிகளில் (ஆணோ பெண்ணோ, வளர்ந்த பூச்சியை இப்படிச் சொல்வார்கள்) பலவும் இவைதான். முகத்துக்கு முன்னால் மூக்குப் போல இரண்டு நீட்சிகள் துருத்திக்கொண்டிருந்து, மெல்லிய நீண்ட உணர்கொம்பை முதுகோடு பின்னால் படுக்கவைத்திருந்தால் கிராம்பிடே பக்கம் தேடலாம். மயிரடர்ந்த முன்னங்கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவை லைமான்ட்ரினே. இவற்றில் சிலவற்றின் மயிர் பட்டால் அரிக்கும், கையால் தொட வேண்டாம். குச்சி மாதிரி ஒடுங்கிய இறக்கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, ஆங்கில டி எழுத்தாக நிற்பவை டெரோஃபோரிடே. இது மட்டும் ஒருமுறை பார்த்தால் மறக்காது. முன்னிறக்கையை விரித்துவிட்டுப் பின்னிறக்கையை மட்டும் உடலோடு ஒட்டி மடித்துவைக்கும் எபிப்ளெமினே என்ற சிறு கூட்டமும் உண்டு. ஊசியில் விரித்துக் காயவைத்த பூச்சியில் இந்த விசித்திரம் தெரியவே தெரியாது.

இந்த உட்காரும் விதத்துக்கு வரம்பும் இருக்கிறது. விளக்குக்கு வந்து தடுமாறி விழுந்த பூச்சி, குளிரில் விறைத்த பூச்சி, இறக்கை கிழிந்த பூச்சி இயல்பாக உட்காராது. அதனால் இரவில் விளக்கடியில் எடுத்த படத்தைவிட, அது அமைதியாகிச் சுவரில் பொருந்திய பிறகு விடிகாலையில் எடுத்த படம் பல நேரம் அதிகம் சொல்லும்.

அடுத்தது முன்னிறக்கையின் கோலம். பெரும்பாலான அந்துப்பூச்சிகளில் இது ஒரே அடிப்படைத் திட்டத்தின் வேறுபாடுகள்தான். இறக்கை உடலோடு சேரும் இடத்துக்குச் சற்று வெளியே ஒரு குறுக்குக் கோடு. நடுவைத் தாண்டி இன்னொன்று. வெளிவிளிம்புக்குச் சற்று உள்ளே மூன்றாவது. முதல் இரண்டு கோடுகளுக்கு நடுவே, நாக்டுயிடே போன்றவற்றில், உள்பக்கம் ஒரு வட்டப் புள்ளி, வெளிப்பக்கம் சிறுநீரக வடிவத்தில் ஒரு புள்ளி. இந்த ஐந்தையும் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டால் குழப்பமான பழுப்பு இறக்கையும் படிக்கக்கூடிய ஒன்றாகிவிடும். கோடு நேராக ஓடுகிறதா, பல்பல்லாக நெளிகிறதா, எந்த இடத்தில் முழங்கைபோல மடங்குகிறது, வட்டப் புள்ளி உருண்டையா சாய்ந்த முட்டையா என்று கேட்கத் தொடங்கலாம். ‘பழுப்பு நிறத்தில் இருந்தது’ என்ற வர்ணனை ஆயிரக்கணக்கான பூச்சிகளுக்குப் பொருந்தும். ‘வெளிக்கோடு மேல்விளிம்புக்கு அருகே உள்ளே மடங்குகிறது’ என்பது ஒரு கைப்பிடிப் பூச்சிகளுக்குத்தான் பொருந்தும்.

நிறத்தை ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறேன் என்றால், படத்தில் மிக எளிதாக மாறுவது அதுதான். மஞ்சள் பல்பின் கீழே எல்லாம் பழுப்பேறும். ஃபிளாஷ் அடித்தால் வெளிர்ப்பகுதிகள் வெளுத்துக் கோடுகளையே விழுங்கிவிடும். பூச்சிக்கு வயது ஏறினால் செதில் உதிரும். விரலில் ஒட்டும் அந்தப் பொடிதான் கோலமே. ஒரே இனத்திலேயே கருத்தும் வெளுத்தும் பிறப்பவை உண்டு. வடிவமும் கோட்டின் போக்கும் இவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

இதற்கெல்லாம் நம் ஊரில் பெரிய பரீட்சை மக்காச்சோள வயலில் நடந்தது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு, ஸ்போடாப்டெரா ஃப்ருஜிபெர்டா, இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2018 மே மாதம், கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில். அதே ஆண்டு தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் பரவிவிட்டது. இங்கே ஏற்கெனவே அதன் நெருங்கிய உறவு உண்டு: புகையிலை வெட்டுப்புழு என்று விவசாயிகள் சொல்லும் ஸ்போடாப்டெரா லிட்டூரா. இரண்டின் தாய் அந்துப்பூச்சிகளும் ஒரே அளவு, ஒரே மாதிரி கூரைச் சரிவு, வெளிறிய பின்னிறக்கை. படத்தில் எப்படிப் பிரிப்பது?

லிட்டூராவின் முன்னிறக்கையில் வெளிர்க் கோடுகள் வலையாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். நரம்புகள் வழியேயும் வெளிறிய கீற்றுகள் தெரியும். படைப்புழுவின் ஆண் பூச்சியில் அந்த வலை இல்லை. அதற்குப் பதிலாக முன்னிறக்கையின் நுனிக்கருகே முக்கோணமாக ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். நடுவில் வட்டப் புள்ளி வைக்கோல் நிறத்தில் சாய்ந்த முட்டை வடிவில் இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆண் பூச்சியைச் சொல்லிவிடலாம். பெண் பூச்சியில்தான் கஷ்டம். அதற்கு அந்த வெள்ளைத் திட்டு கிடையாது. மங்கிய சாம்பல் பழுப்பு, தெளிவில்லாத புள்ளிகள், அவ்வளவுதான். செதில் கொஞ்சம் உதிர்ந்த பெண் பூச்சியை ஒரே ஒரு மேல்தோற்றப் படத்தில் காட்டி ‘இது படைப்புழுவா?’ என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பவும் வேண்டாம்.

இங்கே பொறியின் வகையும் அடையாளத்துக்கு உதவுகிறது. பெண் பூச்சியின் மணத்தை வைத்து இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறிக்கு வருபவை ஆண் பூச்சிகள் மட்டுமே. அதனால் அதில் விழுந்தவற்றில் வெள்ளைத் திட்டைத் தேடுவது நியாயம். விளக்குப் பொறிக்கு ஆண், பெண் இரண்டும் வரும், வேறு நூறு இனங்களும் வரும். இனக்கவர்ச்சிப் பொறியிலும் சில நேரம் வேறு இன ஆண்கள் விழுவதுண்டு. பொறியில் துடித்துத் துடித்துச் செதில் உதிர்ந்துவிடுவதால் இரண்டு நாள் கழித்து எடுக்கும் படம் அநேகமாக வீண். இப்படிச் சந்தேகம் வந்தால் குருத்தைப் பிரித்துப் புழுவைப் பாருங்கள். படைப்புழுவின் தலையில் ஆங்கில ஒய் எழுத்தைத் தலைகீழாகப் போட்ட வெளிர்க் குறி இருக்கும். வால் பக்கம் கடைசிக்கு முந்தைய உடல் வளையத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக நிற்கும். தாய்ப்பூச்சி மறைத்த விடையைப் புழு தெளிவாகச் சொல்லிவிடும்.

ஆணும் பெண்ணும் வேறுபடுவது நெல் வயலிலும் குழப்பம் தரும். குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சி என்று துண்டுப்பிரசுரங்களில் வரும் படம் மஞ்சள் இறக்கையும் நடுவே ஒற்றைக் கரும்புள்ளியும் கொண்டது. அது பெண். ஆண் அதைவிடச் சிறியது, பழுப்பேறியது, புள்ளி மங்கலானது. துண்டுப்பிரசுரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வயலில் இறங்கினால் கூட்டத்தில் பாதியைக் கவனிக்காமலே வந்துவிடுவோம். பெண்ணின் வயிற்று நுனியில் இருக்கும் மயிர்க்கொத்தும் நல்ல அடையாளம். முட்டைக் குவியலை மூடுவதற்கு அந்த மயிரைத்தான் அது பயன்படுத்துகிறது.

பின்னிறக்கை மறைந்திருப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு யூடோசிமா என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியை, சொல்ல வேண்டும். எலுமிச்சை, மாதுளைத் தோட்டக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த எதிரி. புழு செடியைக் கடிப்பதால் வரும் தொல்லை அல்ல இது. வளர்ந்த அந்துப்பூச்சியே உறுதியான உறிஞ்சுகுழலால் பழத்தோலைத் துளைத்துச் சாறு குடிக்கும். அதன் புழுக்களோ தோட்டத்துக்கு வெளியே வேலியில் படரும் சீந்தில் போன்ற கொடிகளில் வளரும். உட்கார்ந்திருக்கும்போது காய்ந்த இலைதான். மூடிய முன்னிறக்கையை மட்டும் பார்த்து இனம் சொல்வது பல நேரம் முடியாது. ஆணுக்கும் பெண்ணுக்குமே முன்னிறக்கைக் கோலம் மாறும். இறக்கையை விரித்தால் மஞ்சள் ஆரஞ்சுப் பின்னிறக்கை பளிச்சென்று தெரியும். நடுவில் உருண்டைக் கரும்புள்ளி இருந்தால் யூடோசிமா மெடர்னா. அந்தக் கரும்புள்ளி வளைந்து காற்புள்ளி வடிவமாக இருந்தால் யூடோசிமா ஃபலோனியா பக்கம் போகலாம். முழு விடையும் மூடிவைத்த இறக்கையில் இருக்கிறது. ஒரு குச்சியால் மெதுவாகச் சீண்டினால் இவை மிரட்டுவதற்காகப் பின்னிறக்கையைக் காட்டுவதுண்டு. அந்தக் கணத்துக்குக் கேமராவைத் தயாராக வைத்திருப்பது நல்லது. சன்னல் கண்ணாடியில் உட்கார்ந்திருந்தால் அதைவிட அதிர்ஷ்டம். மறுபக்கம் போய் அடிப்பக்கத்தையும் படம் எடுத்துவிடலாம்.

மண்டையோட்டு அந்துப்பூச்சி இன்னொரு நல்ல உதாரணம். முதுகில் மண்டையோடு தெரிகிற பூச்சியைப் பார்த்ததும் எல்லோரும் பெயர் கிடைத்துவிட்டது என்று நினைப்பார்கள். அந்தக் குறி சொல்வது அக்கெரோன்டியா என்ற பேரினத்தை மட்டும்தான். நம் பகுதியில் இரண்டு உண்டு: ஸ்டிக்ஸ், லாக்கெசிஸ். லாக்கெசிஸின் பின்னிறக்கை உடலோடு சேரும் இடத்தில் கறுத்திருக்கும். ஸ்டிக்ஸில் அங்கே மஞ்சள். மண்டையோட்டை மட்டும் நெருக்கமாக எடுத்த அழகான படத்தில் இது விழாது. எள் வயலில் கொழுத்த, வாலில் கொம்புள்ள புழுவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கூட்டம் புதிதல்ல. தேனடைக்குள் புகுந்து தேன் குடிப்பதும், பிடித்தால் கீச்சென்று சத்தம் போடுவதும் இதன் பழக்கங்கள்.

அரளிச் செடியில் வளரும் டாஃப்னிஸ் நெரி எளிதான பூச்சி என்று பெயர் வாங்கியது. பச்சையும் வெளிர் ரோஜாவும் கலந்த வளைவுக் கோலம், தப்பவே முடியாது. ஆனால் அதே பேரினத்தில் டாஃப்னிஸ் ஹைப்போதஸ் என்று இன்னொன்றும் தென்னிந்தியாவில் இருக்கிறது. அது கருமை கூடிய பச்சை, முன்னிறக்கை நுனியில் சிறு வெள்ளைப் புள்ளி. நுனியை வெட்டிவிட்டுப் படத்தை அனுப்பினால் நெரி என்று பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள். படத்தைச் சதுரமாக வெட்டி அழகுபடுத்தும்போது இறக்கை நுனிகளைத்தான் முதலில் இழக்கிறோம்.

எங்கே எடுத்த படம் என்பதும் ஓர் உடல் அடையாளத்துக்குச் சமம். மேற்குத் தொடர்ச்சி மலையில் 25 சென்டிமீட்டர் அளவுக்கு இறக்கை விரியும் அட்லஸ் அந்துப்பூச்சி சுவரில் உட்கார்ந்த படம் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் அட்டாகஸ் அட்லஸ் என்று போடுகிறார்கள். அது இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்வது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அட்டாகஸ் டாப்ரொபானிஸ். முன்பு இதை அட்லஸின் உள்ளினமாக வைத்திருந்தார்கள், இப்போது தனி இனம். இரண்டும் முதல் பார்வைக்கு ஒன்றுதான்: பாம்புத்தலை போன்ற இறக்கை நுனி, நான்கு இறக்கையிலும் கண்ணாடி முக்கோணங்கள். ‘வால்பாறை’ என்ற ஒரு சொல் அந்தப் படத்தோடு இருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. இடம் இல்லாமல் இணையத்தில் சுற்றும் அட்லஸ் படத்துக்கு உறுதியான பெயர் கேட்பதில் அர்த்தம் இல்லை. போகட்டும், ஆணா பெண்ணா என்றாவது சொல்லலாம். ஆணின் உணர்கொம்பு அகன்ற இறகு, பெண்ணுக்கு அது ஒடுக்கமாக இருக்கும், உடலும் பெண்ணுக்குப் பெரிது.

எல்லாவற்றையும் சரியாக எடுத்தாலும் கடைசிப் படி ஏற முடியாத பூச்சிகள் ஏராளம். பூவின் முன்னால் நின்றபடி பறந்து தேன் குடிக்கும் மேக்ரோக்ளோசம் வகைகளில் பலவற்றைப் பறக்கும் படத்தில் பிரிக்க முடிவதில்லை. மஞ்சள் நிற யூப்ரோக்டிஸ் கூட்டமும் அப்படியே. இவற்றில் பலவற்றுக்கு வயிற்று நுனியை வெட்டி, காரக் கரைசலில் ஊறவைத்துத் திசுவைக் கரைத்து, இனப்பெருக்க உறுப்பின் கடினமான பகுதிகளை நுண்ணோக்கியில் ஒப்பிட்டால்தான் முடிவு. குடும்பத்தைப் பிரிக்கும் சில அடையாளங்களே நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் உள்ளன. அந்துப்பூச்சிகளில் பலவற்றுக்கு வௌவாலின் ஒலியைக் கேட்கும் செவிப்பறை உண்டு. நாக்டுயிடே கூட்டத்தில் அது நெஞ்சின் பின்பகுதியில், கிராம்பிடே கூட்டத்தில் வயிற்றின் அடியில். சுவரில் உட்கார்ந்த பூச்சியின் படத்தில் அதை எங்கே போய்த் தேடுவது?

இதனால்தான் ‘மேக்ரோக்ளோசம் பேரினம், இனம் தெரியவில்லை’ என்று எழுதி நிறுத்துவதை முழுமையான பதிலாகவே நான் மதிக்கிறேன். அந்தப் படம் தாங்கக்கூடிய அளவுக்குச் சரியாகச் சொன்ன பதில் அது. அடையாளம் காட்டும் செயலிகள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. அவை முழுப் படத்தையும் தங்களிடம் உள்ள படங்களோடு ஒப்பிடுகின்றன. எந்தப் பூச்சிக்கு நிறையப் படம் குவிந்திருக்கிறதோ அதன் பக்கம் சாயும். தமிழ்நாட்டின் சின்னஞ்சிறு அந்துப்பூச்சிகள் பலவற்றுக்கு உயிருள்ள படமே சில மட்டும்தான் இருக்கும்போது, எங்கோ ஐரோப்பாவில் உள்ள அதன் உறவைச் செயலி தயங்காமல் எடுத்து நீட்டும். குடும்பம் எது என்று பார்க்க அது நல்ல உதவி. அதற்கு மேல் அது சொல்லும் பெயரை, கோடு, புள்ளி, இடம் என்று நீங்களே ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பழைய நூல்களோடு ஒப்பிடும்போது இன்னொரு கவனமும் தேவை. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு குடும்பங்கள் இடம் மாறிவிட்டன. ஹாம்ப்சன் நூலில் தனிக் குடும்பங்களாக நிற்கும் புலி அந்துப்பூச்சிகளும் மயிர்க்கால் நீட்டும் கூட்டமும் இன்று எரிபிடே என்ற ஒரே குடும்பத்துக்குள். முன்பு நாக்டுயிடேயில் இருந்த யூடோசிமாவும் இப்போது அங்கேதான்.

படம் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம். வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு முன்னால் ஒரு பிரகாசமான பல்பு போட்டால் போதும். பூச்சிகள் ஏன் இப்படி விளக்கைச் சுற்றுகின்றன என்பதற்கு 2024-இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல விளக்கம் தந்தது. அதிவேகக் கேமராவில் பார்த்தபோது, பறக்கும் பூச்சிகள் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பியே பறப்பது தெரிந்தது. இரவிலும் வானம்தான் தரையைவிட வெளிச்சம் என்பதால் முதுகு மேலே இருக்கும். நாம் பக்கவாட்டில் விளக்கு வைத்தால் முதுகு அங்கே சாய்ந்து, பூச்சி வட்டமடிக்கிறது. விளக்கு கீழே இருந்தால் தலைகீழாகி விழுகிறது. இதற்கு விதிவிலக்காக நின்றவற்றில் ஒன்று, மேலே சொன்ன அரளி ஹாக்மாத்; அது விளக்குக்கு மேலேயே தடுமாறாமல் பறந்தது.

வேட்டியில் வந்து அமர்ந்ததும் முதலில் நேர் மேலே இருந்து ஒரு படம், நான்கு இறக்கை நுனியும் சட்டத்துக்குள் வரும்படி. அடுத்து பக்கவாட்டில் ஒன்று. முகத்து நீட்சிகளும் முதுகிலுள்ள மயிர்க்குடுமியும் இதில்தான் தெரியும். உணர்கொம்புக்கென்று தனியாக ஒன்று எடுக்க முடிந்தால் எடுங்கள். ஃபிளாஷ் முன்னால் மெல்லிய வெள்ளைத் தாளைப் பிடித்தால் வெளிறல் குறையும். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயம். தேதி, ஊர், எந்தச் செடி என்பதை அன்றே எழுதிவைப்பது இன்னும் முக்கியம். செயலிகளின் வழி அனுப்பும்போது படத்தோடு ஒட்டியிருக்கும் தகவல்கள் பல நேரம் அழிந்துவிடும்.

அப்புறம், புழுவை வளர்ப்பது. கேமராவால் மட்டும் தீர்க்க முடியாத பல பெயர்களை இது தீர்க்கும். ஹாம்ப்சனின் தொகுதிகளுக்குப் பிறகு, 1937-இல் அதே வரிசையில் ஸ்பிங்கிடே குடும்பத்துக்கென்று வந்த நூலை பெல், ஸ்காட் இருவரும் எழுதினார்கள். வட கன்னட மாவட்டத்தில் வன அலுவலராக இருந்த பெல், புழுக்களைத் தேடிப் பிடித்து வளர்த்துப் பார்த்தவர். அதனால் அந்த நூலில் முட்டை, புழு, கூட்டுப்புழு, உணவுச்செடி எல்லாம் நேரில் பார்த்த விவரங்களாக இருக்கின்றன. ஹாக்மாத்களுக்கு அந்த வசதி கிடைத்துவிட்டது. சிறிய அந்துப்பூச்சிகளில் பலவற்றுக்கு இன்னும் புழு எது, எந்தச் செடியில் வளர்கிறது என்ற பதிவே இல்லை.

இதை வீட்டிலேயே செய்யலாம். புழு இருந்த அதே செடியின் இலையை நாள்தோறும் புதிதாக மாற்றி, காற்றோட்டம் உள்ள டப்பாவில் வைத்தால் போதும். சில இனங்கள் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும் என்பதால் அடியில் இரண்டு விரல் ஆழத்துக்கு ஈர மண். தோல் உரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம். கடைசியில் வெளிவரும் பூச்சி ஒரு செதில்கூட உதிராமல் இருக்கும், இறக்கையை உலர்த்தும் நேரத்தில் அசையாமலும் இருக்கும். மேல்பக்கம், பக்கவாட்டு, உணர்கொம்பு எல்லாவற்றையும் நிதானமாக எடுக்கலாம். சில சமயம் அந்துப்பூச்சிக்குப் பதில் டப்பாவிலிருந்து சிறு குளவிகளோ ஈக்களோ வெளிவரும். புழுவுக்குள் வளர்ந்த ஒட்டுண்ணிகள் அவை. எந்தப் புழுவிலிருந்து வந்தது என்ற படம் கையில் இருந்தால் அதுவும் எழுதிவைக்க வேண்டிய பதிவுதான்.